புகார் ஒரு பக்கம் நடக்கட்டும், செமஸ்டரை முதலில் பிடியுங்கள்

மூன்றாவது செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர் விழுந்தது. வீட்டில் விளையாட்டுப் புத்தி என்றார்கள், வகுப்பாசிரியர் கவனம் சிதறுகிறது என்றார், நானும் அப்படித்தான் போல என்று நம்பிவிட்டேன். பல மாதம் கழித்து டைம்டேபிளை எடுத்துவைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது: விழுந்த மூன்று பாடமும், குறிப்பிட்ட நாலு பேர் என் பின்வரிசையில் உட்கார்ந்த வகுப்புகள். பேனாவால் முதுகில் குத்துவது, நான் வாயைத் திறந்தால் என் குரலிலேயே பேசிக் காட்டுவது, லேப்பில் என் ரீடிங் தாளை ஒளித்துவைப்பது என்று தினமும் ஏதாவது நடக்கும். அவர்கள் இல்லாத மூன்று பாடங்களில் நான் எப்போதும் எடுக்கிற மதிப்பெண்ணைத்தான் எடுத்திருந்தேன். அதே மூளை, அதே ஹாஸ்டல் அறை, அதே ராத்திரிப் படிப்பு.

புகார் கொடுக்காமல் இல்லை, கொடுத்தேன். ஆனால் அது தீர்ந்த பிறகு நிம்மதியாகப் படித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன், விசாரணைக் கமிட்டி உட்கார்ந்ததோ தேர்வெல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து. கல்லூரியில் இப்படித் துன்புறுத்தலுக்கு நடுவே படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் அந்த ஒரு தப்பைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். புகார் ஒரு வண்டி, படிப்பு இன்னொரு வண்டி. ஒன்றை இன்னொன்றின் பின்னால் கட்டினால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும்.

மதிப்பெண் எங்கே போகிறது?

மனக்கணக்குப் போடும்போது எண்களைப் பிடித்துவைத்திருக்கிறோமே, அந்த இடம் ரொம்பச் சின்னது. உளவியலில் செயல்நினைவு என்பார்கள். புரிந்து படிப்பது, ஒரு தேற்றத்தை வரிவரியாகத் தொடர்வது, விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது எல்லாமே அந்த இடத்தில்தான் நடக்கவேண்டும். கதவு திறக்கும் சத்தத்துக்கெல்லாம் யார் வருவது என்று திரும்பிப் பார்க்கிறவருக்கு அந்த இடத்தில் பாதியைப் பயம் எடுத்துக்கொள்கிறது. மீதிப் பாதியில் என்ன படித்துவிட முடியும்?

இது வெறும் ஊகம் இல்லை. ராய் பாமெய்ஸ்டர், ஜீன் ட்வெங்கே, கிறிஸ்டோபர் நஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஒரு ஆளுமைத் தேர்வு வைத்து, முடிவு என்று ஒரு பொய்யைச் சொன்னார்கள். சிலருக்கு 'நீங்கள் பிற்காலத்தில் தனியாகத்தான் இருப்பீர்கள்', சிலருக்கு 'உங்களுக்கு அடிக்கடி விபத்து நேரும்', சிலருக்கு நல்ல செய்தி. இதில் தனிமை என்று கேட்டவர்களுக்குத்தான் அறிவுத்திறன் சோதனையில் சரிவு. விபத்து என்று கேட்டவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. அதைவிட முக்கியமான விஷயம், எல்லா வேலையும் சரியவில்லை. அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்வது பாதிக்கப்படவில்லை, யோசித்து விடை காணவேண்டிய கேள்விகளில்தான் அடி. 'மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறான், கணக்குக் கொடுத்தால் முழிக்கிறான்' என்று ஆசிரியர்கள் குறைப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பொய்யான வாக்கியமே இந்த வேலையைச் செய்கிறது என்றால், நாலு மாதம் தினமும் நடக்கும் நிஜம் என்ன செய்யும்?

அடியும் மிரட்டலும் மட்டும்தான் வன்முறை என்று நினைக்கிறவர்கள் கிப்லிங் வில்லியம்ஸின் கதையைக் கேட்கவேண்டும். இந்த உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது யாரோ வீசி விளையாடிய ஃபிரிஸ்பி தட்டு ஒன்று வந்து அவர் மேல் பட்டது. எடுத்து வீசினார், ஆடிக்கொண்டிருந்த இருவரும் அவருக்கும் வீச ஆரம்பித்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர். அப்படியும் சுருக்கென்று தைத்ததாம். அதிலிருந்து கணினியில் பந்து வீசும் ஒரு சோதனையை உருவாக்கினார். எதிரே ஆடுவது மனிதர்கள் இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டபோதும், பந்து வராமல் போனவர்களின் மனம் கலங்கியது. வகுப்பு வாட்ஸப் குழுவிலிருந்து உங்களை மட்டும் விட்டுவிட்டுப் புதுக் குழு தொடங்கியதும், பிராஜெக்ட்டுக்கு யாரும் சேர்த்துக்கொள்ளாததும் 'சின்ன விஷயம்' இல்லை.

பயமும் ஒதுக்கலும் போக, மதிப்பெண் போகும் மூன்றாவது வழி தூக்கம். பகலில் படித்தது ராத்திரித் தூக்கத்தில்தான் நிலைபெறுகிறது. ஹாஸ்டல் அறைக் கதவை எப்போது தட்டுவார்களோ என்று விழித்துக் கிடந்தால், பகலில் எட்டு மணி நேரம் படித்தாலும் ஓட்டைப் பானையில் நீர் இறைத்த கதைதான். நாலாவது எல்லாருக்கும் தெரிந்தது: அட்டெண்டன்ஸ். அவர்களைத் தவிர்க்க வகுப்பைத் தவிர்க்கிறோம், வகுப்பைத் தவிர்த்ததால் இன்டர்னல் மதிப்பெண் போகிறது, கடைசியில் நம்மைத் தேர்வெழுத விடாத காகிதத்தில் நம் பெயர் மட்டும் இருக்கிறது, அவர்கள் பெயர் இருப்பதில்லை.

விளையாட்டா, வேறா?

நண்பர்கள் கலாய்ப்பதற்கும் இதற்கும் கோடு எங்கே என்று எப்போதும் ஒரு வாக்குவாதம் வரும். மாணவர்களுக்குள் நடக்கும் துன்புறுத்தலை 1970களிலேயே ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஒல்வியஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. என் அனுபவத்தில் மூன்றாவதைப் பார்த்தாலே போதும். நீங்கள் 'நிறுத்து' என்றால் நிற்கிறதா? நின்றால் கலாய்ப்பு. சிரிப்பு கூடினால் வேறு. அப்புறம், ஒரே ஒரு அடி, ஒரே ஒரு பாலியல் அத்துமீறல், ஒரே ஒரு கொலைமிரட்டல் என்றால் 'திரும்ப நடக்கட்டும் பார்க்கலாம்' என்று காத்திருக்க வேண்டியதில்லை. அது நேராகக் குற்றம்.

செய்வது ஆசிரியராகவும் இருக்கலாம், காதலராகவும் இருக்கலாம். காதலர் என்றால் அது படிப்பையே குறிவைத்து நடக்கும்: தேர்வுக்கு முந்தைய ராத்திரி சண்டை, 'என்னைவிட உனக்கு அந்தப் பரீட்சை பெரிதா' என்ற கேள்வி, காணாமல் போகும் ஹால் டிக்கெட், அழிந்துபோகும் பிராஜெக்ட் கோப்பு. இதில் உங்கள் கதையே தெரிந்தால், இன்றைக்கே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், கோப்புகளின் நகலை அவருக்குத் தெரியாத இன்னொரு கணக்கில் போடுங்கள், ஹால் டிக்கெட்டின் பிரதி ஒன்றை நண்பரிடம் கொடுங்கள், தேர்வுக்கு முந்தைய இரவு தங்க வேறு இடம் பார்த்துவையுங்கள்.

முதல் நாளும் முதல் வாரமும்

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று ராத்திரி எங்கே தூங்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அறைத்தோழர்தான் பிரச்சினை என்றால், வார்டனிடம் நிரந்தர அறை மாற்றம் கேட்டு மன்றாட வேண்டாம், அது இழுக்கும். 'இன்று ஒரு இரவுக்கு வேறு அறை' என்று கேளுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். மறுநாள் இன்னொரு இரவு கேட்கலாம். காயம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போய், 'படியில் விழுந்தேன்' என்று மழுப்பாமல், நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாலியல் வன்முறை என்றால், புகார் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்கும் முன்பே மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துவையுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். புகாரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், தடயம் அதுவரை காத்திருக்காது.

வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு வந்துபோகிறது என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்றைக்குத் தனியாகத் தூங்காதீர்கள், உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணுக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போங்கள். செமஸ்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். பலரும் 'எழுதிவையுங்கள்' என்று சொல்வார்கள், எப்படி என்று சொல்லமாட்டார்கள். 'அவன் என்னை எப்போதும் கேவலப்படுத்துகிறான்' என்று எழுதினால் கமிட்டியில் ஒரு நிமிஷம்கூட நிற்காது. இப்படி எழுதுங்கள்: '12ஆம் தேதி, செவ்வாய், காலை 10.40, இரண்டாம் மாடி லேப். என் ரீடிங் தாளை எடுத்துக் கிழித்தார். சொன்ன வார்த்தைகள் இவை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் இருவர். நான் 10.50க்கு வெளியேறினேன். ஐந்தாவது பரிசோதனை முடிக்கவில்லை, பத்து மதிப்பெண்.' அந்தக் கடைசி வரிதான் நிறையப் பேர் விட்டுவிடுவது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் எதிரே படிப்பில் என்ன போனது என்று எழுதினால், பின்னால் அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய அனுமதி கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் காகிதம் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி முழுத்திரையையும் எடுங்கள், வெட்டாதீர்கள், உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் தேதியோடு இருக்கும். கோபத்தில் பதிலுக்குப் பதில் கெட்ட வார்த்தை அனுப்பிவிட்டீர்களா? அதையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள்.

அதே நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு. பாடவாரியாக: இதுவரை அட்டெண்டன்ஸ் எவ்வளவு, இன்னும் எத்தனை வகுப்புத் தவறினால் தேர்வெழுத முடியாது, எந்த அசைன்மென்ட் விட்டுப்போயிற்று, எந்த வகுப்பில் அவர்கள் இருக்கிறார்கள். போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரியவருவது, ஆறு பாடமும் மூழ்கவில்லை, இரண்டோ மூன்றோதான். 'எல்லாம் போச்சு' என்பதற்கும் 'இரண்டு பாடம் சிக்கல்' என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தெரிந்தது, ஆனால் அப்போது ரொம்பத் தாமதம்.

யாரிடம், எப்படிக் கேட்பது

ஒழுங்கு நடவடிக்கைப் புகார் அதற்குரிய கமிட்டிக்கோ பொறுப்பாளருக்கோ போகட்டும். எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ பதில் மின்னஞ்சலோ வாங்குங்கள். படிப்புக்கான கோரிக்கை தனிக் கடிதம், பாட ஆசிரியருக்கு. அதில் முழுக் கதையும் வேண்டாம். பாட ஆசிரியர் நீதிபதி இல்லை, அவர் கையில் இருப்பது கடைசித் தேதி, குழு, இருக்கை, மறுதேர்வு. அவரால் கொடுக்க முடிந்ததை மட்டும் கேளுங்கள்.

'வணக்கம் மேடம். உங்கள் லேப் வகுப்பில் என் குழுவில் இருக்கும் ஒருவரால் எனக்குத் தொடர்ந்து தொந்தரவு இருக்கிறது. அதற்குத் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இதனால் மூன்று வகுப்புகள் வர முடியவில்லை. இரண்டு உதவி தேவை: என்னை வேறு குழுவுக்கு மாற்றுவது, விட்டுப்போன மூன்று பரிசோதனைகளைச் செய்ய ஒரு நாள். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் மற்றப் பாடங்களைத் திட்டமிட வசதியாக இருக்கும்.'

இவ்வளவுதான். நேரில் போய் அழுது சொல்வதைவிட இது வேலை செய்யும். அழுவது தப்பு என்பதற்காகச் சொல்லவில்லை. அழுகையைப் பார்த்தவர் ஆறுதல் சொல்வார், கடிதத்தைப் பார்த்தவர் தேதி சொல்வார். பதில் வராவிட்டால் நாலு நாள் கழித்து ஹெச்ஓடிக்கும் (துறைத்தலைவர்) சேர்த்து அனுப்புங்கள். ஆசிரியரே தொந்தரவு செய்கிறவர் என்றால் நேராக ஹெச்ஓடி, அவரும் கைகழுவினால் அதற்கு மேலே. தனியாகப் போகாதீர்கள், ஒருவரைக் கூட்டிப்போங்கள், பேசி முடித்த அன்றே 'இன்று நாம் பேசியது இது' என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

இதெல்லாம் போதாத நிலை என்றால், ஒரு பாடத்தை மட்டும் கைவிட முடியுமா, மருத்துவ விடுப்பில் செமஸ்டரை நிறுத்திவைக்க முடியுமா, தேர்வைத் தள்ளி எழுதலாமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பெயரும் விதியும் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு, அந்தத் தேதியை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பாடத்தைக் கைவிடுவது தோல்வி என்று நினைத்து ஆறையும் சுமந்து மூன்றில் விழுந்தவன் சொல்கிறேன், ஒன்றை இறக்கிவைத்திருக்கலாம்.

பாதி மூளையோடு படிப்பது

பழைய முறையில் படிக்க முயலாதீர்கள். மூன்று மணி நேரம் ஒரே இருப்பில் உட்கார்ந்த ஆள் நீங்கள் என்றாலும் இப்போது முடியாது. இருபது, இருபத்தைந்து நிமிஷம், அப்புறம் எழுந்து நடக்க ஐந்து நிமிஷம். இடம் முக்கியம்: முதுகுக்குப் பின்னால் சுவர், வாசல் கண்ணுக்குத் தெரியவேண்டும், அவர்கள் வராத கட்டடம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பின்னால் யார் வருகிறார்கள் என்று கவலைப்படாத முதுகு இருந்தால் அந்த இருபது நிமிஷம் உண்மையிலேயே இருபது நிமிஷமாக இருக்கும். போனை வேறு பையில் போடுங்கள். அவர்களுடைய செய்தியை ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை, முடிந்தால் நண்பர் பக்கத்தில் இருக்கும்போது, ஆதாரத்துக்காக மட்டும் பார்த்தால் போதும்.

திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிடுங்கள். மனம் கலைந்திருக்கும்போது கண் ஓடும், உள்ளே ஒன்றும் இறங்காது. ஒரு பக்கம் படித்ததும் மூடிவைத்து, நினைவிலிருப்பதை வெற்றுத்தாளில் எழுதுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள்: ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள்தான் முன்னே. எழுதிப் பார்த்தால் எங்கே மனம் நழுவியது என்பதும் தாளிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மனதில் ஓடுவதை எழுதி இறக்குவது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தொடங்கிய ஆய்வு வரிசையில், தொடர்ந்து சில நாள், தினம் பதினைந்து நிமிஷம், ஆழமாகப் பாதித்த விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 2001இல் கிளைனும் போல்ஸும் முதலாண்டு மாணவர்களிடம் இதைச் செய்துபார்த்தபோது செயல்நினைவே கூடியது. ஆனால் நேற்று நடந்த வன்முறையை இன்றைக்கே எழுதச் சொல்லி உங்களைப் படுத்தாதீர்கள். எழுத எழுத நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் போங்கள். அது வேறு வேலை, வேறு ஆளின் வேலை.

நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கொஞ்சம்

அறுபது பேர் இருக்கும் வகுப்புக் குழுவில் ஒருவரை அசிங்கப்படுத்திப் படம் வந்தால், ஐம்பத்தெட்டுப் பேர் பார்த்துவிட்டுப் போவது கல்நெஞ்சால் அல்ல. டார்லி, லாட்டனே என்ற உளவியலாளர்கள் 1968இல் நடத்திய சோதனையில், ஒருவர் வலிப்பில் திணறும் குரலைத் தான் மட்டும் கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்கும் முன்பே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். அதனால், குழுவில் வீரம் பேசவேண்டாம், அந்த ஆளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: 'பார்த்தேன், நாளைக்கு உன் பக்கத்தில் உட்காருகிறேன், விட்டுப்போன நோட்ஸ் அனுப்புகிறேன்.' நோட்ஸ் என்ற வார்த்தை அதில் கட்டாயம் இருக்கட்டும்.

ஆசிரியர்களே, முதல் வரிசைப் பிள்ளை கதவோரம் நகர்ந்தால், உங்கள் லேப்புக்கு மட்டும் வராமல் மற்ற வகுப்புக்கு வந்தால், குழுப் பணியைத் 'தனியாகவே செய்கிறேன்' என்று கெஞ்சினால், கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கை குலுக்கவைத்து அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பலம் சமமாக இல்லாத இடத்தில் சமரசம் என்பது பலவீனமானவரை மறுபடி அதே அறைக்குள் தள்ளுவது. 'இரண்டு கை தட்டினால்தானே ஓசை' என்று எங்கள் ஹெச்ஓடி என்னிடம் சொன்னார். அறைவதற்கு ஒரு கை போதும் சார் என்று சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. கார்லி ஸ்மித்தும் ஜெனிஃபர் ஃப்ரெய்டும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான கல்லூரி மாணவிகளில், நிறுவனமும் தங்களைக் கைவிட்டது என்று சொன்னவர்களுக்குப் பதற்றமும் மற்ற அதிர்ச்சி அறிகுறிகளும் அதிகமாக இருந்தன.

திரும்பிப் போகும் நாள்

பல நாள் போகாத வகுப்புக்குத் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். முந்தின நாளே ஒரு நண்பரிடம் சொல்லி வாசலில் சந்தியுங்கள். மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்விடுங்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு நுழைந்தால் அத்தனை தலையும் திரும்பும். சுவரோரம், ஓரத்து இருக்கை, பக்கத்தில் நண்பர். அன்றைக்குப் பாடம் புரியவேண்டும் என்று நினைக்காதீர்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் வேலை. கேள்வி கேட்டால் 'தெரியவில்லை சார்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நான் நாலாவது செமஸ்டரில் அப்படித் திரும்பிப் போன அன்று, ஒரு மணி நேரம் முழுக்க உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். தேதியும் தலைப்பும் மட்டும்தான் எழுதியிருந்தேன், தலைப்பிலும் ஒரு எழுத்துப்பிழை. பின்பக்கம் திருப்பி அட்டெண்டன்ஸ் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொண்டேன்.